கலைமகள் மூடிய குழி

எங்கள் ஊர் தண்ணீர் டேங்கைப் பார்த்துக்கொள்ளும் கலைமகளுக்கு வாய் நீளம். டீயில் மருந்து வாடை அடிக்கிறது என்று ஒருநாள் சண்டைக்குப் போனேன். "அந்த வாடை இருந்தாத்தான்க்கா அது குடிதண்ணி. இல்லாட்டி வாய்க்கா தண்ணி" என்றாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. ஆனாலும் டேங்க் கழுவும் நாளில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த இரும்பு ஏணியில் அவள் ஏறினால், இறங்கும்வரை நான் அங்கிருந்து நகரமாட்டேன்.

அது அவள் புருஷன் பார்த்த வேலை. அவர் செத்துப்போன பிறகு, பொம்பளைக்கு எதுக்கு ஏணி என்று ஊரே கேட்டது. "நீங்க ஏறுறீங்களா?" என்று திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட பிளீச்சிங் பவுடர் கலக்காமல் வால்வைத் திறந்ததில்லை.

எங்களுடையது வயலோரக் கடைசித் தெரு. அவள் வீடு தெருவில் முதலாவது, என்னுடையது நாலாவது. தண்ணீர் நூலாகத்தான் வரும். அதனால் வாசலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாயைத் தாழ்வாக அறுத்து, ஒரு டியூபைச் செருகி, குடத்தை உள்ளே இறக்கிப் பிடிப்போம். குழாயை யாரும் மூடுவதில்லை. குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் ஓடிவருவோம்.

போன கார்த்திகை மழையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும். என் மகள் தமிழ்நிலா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு துவண்டு கிடந்தாள். வீடு வந்ததும் நேரே டேங்கடிக்குப் போய், "மருந்து போடாம ஏமாத்துறியா?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பஞ்சாயத்துத் தலைவர் நல்லக்கண்ணு, மறுநாள் கூட்டம் போட்டு வேறு ஆளை வைத்துவிடலாம் என்றார்.

மறுநாள் காலை அவள் சோதனைக் குப்பியோடு கிளம்பினாள். தண்ணீரில் மருந்து இருந்தால், அந்தக் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விட்டதும் மஞ்சளாக வேண்டும். டேங்கில் மஞ்சள். பெரிய தெருவில் மஞ்சள். எங்கள் தெருவில் நிறமே இல்லை.

சாயங்காலக் கூட்டத்தில் எல்லோரும் அவளைத் திட்டி முடித்த பிறகு எழுந்தாள்.

"காலையில வால்வை மூடிட்டு வீட்டுக்கு ஓடியாந்து பாத்தேன். நீங்கள்லாம் குடத்தைத் தூக்கையில டியூபையும் தூக்கிடுவீங்க. நான் வால்வடியில நிக்கிற நேரம் என் வீட்டுல ஆள் இல்ல. குடம் ரொம்பி வழிஞ்சு, குழியில டியூபு முங்கிக் கெடக்கு. வயல்ல மேயுற வாத்து வந்து அலம்புன தண்ணி. வால்வை மூடுனதும் குழாய் அதை உள்ள இழுக்குது. என் குழியிலேருந்துதான் தெரு முழுக்கப் போயிருக்கு. அந்த வால்வை மூடுனதும் என் கைதான்." என்னைப் பார்த்தாள். "நிலாவுக்கு நான்தான்க்கா செஞ்சுட்டேன்."

சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வேலை போகும் என்று தெரிந்தே சொன்னாள். தலைவர், ஒரு மாதம் அவளே பார்க்கட்டும் என்று முடித்துவிட்டார். எனக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை.

அன்றைக்கே அவள் குழியை மண் போட்டு மூடி, குழாயை இடுப்பளவுக்கு உயர்த்தி, மூடித் திறக்கும் பைப்பும் போட்டாள். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை. எங்கள் பள்ளக் குழாய்களே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டன. ஊருக்கே தண்ணீர் விடுகிறவள் கீழத்தெருப் பொதுக்குழாயில் பிடித்து, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக என் வாசல் வழியே தூக்கிக்கொண்டு போனாள். 'குழியை மூடுங்க' என்று ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அவளுக்குக் கூச்சம்.

நானும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். ஒருநாள் தமிழ்நிலா பள்ளிக்கூடம் விட்டு வந்து, சேற்றுக் காலை எங்கள் குழியில் அலம்பினாள். டியூப் அதிலேயேதான் கிடந்தது. அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். கலைமகளை அத்தனை பேச்சு பேசினேனே, என் வாசலில் என்ன வைத்திருந்தேன்?

மண்வெட்டியை எடுத்தேன். என் குழியை மூடிவிட்டு, வீடு வீடாகப் போனேன். என் வாயும் ஒன்றும் சின்னதில்லை. நாலு நாளில் தெருவில் மிச்சமிருந்த பதினோரு குழியும் மூடப்பட்டு, குழாய்களும் இடுப்பளவுக்கு உயர்ந்துவிட்டன.

ஐந்தாம் நாள் காலை அவள் வீட்டு வாசலில் நின்று, வால்வடியில் இருந்தவளுக்குப் போன் போட்டேன். கூட்டத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"கலை, ஒன் வீட்டுக் குழாயில தண்ணி ஏறிடுச்சுடி."

"ஜன்னல்ல குப்பி இருக்கும். ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்கக்கா" என்றாள்.

விட்டேன். நல்ல மஞ்சள். அதைச் சொல்லிவிட்டு, "அப்படியே நம்ம வீட்டுக்கு வா, டீ போடுறேன்" என்றேன்.

"மருந்து வாடை அடிக்குமே?" என்றாள்.

"அடிக்கட்டும்டி, வா" என்றேன்.