பசைக்குள் போன பெயர்கள்

என் நண்பனின் அப்பா எடுத்த புகைப்படங்களை என் குடும்பத்துப் படங்கள் என்று ஊரை நம்பவைத்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

நாங்கள் இருவரும் கொச்சி மட்டாஞ்சேரியில் எதிரெதிர் வீட்டில் பிறந்தவர்கள். இரண்டும் தமிழ் பேசும் வீடுகள். அவன் அப்பா படகுத்துறைக் கிட்டங்கியில் குமாஸ்தா. வள்ளத்திலிருந்து பலகை வழியாக இஞ்சிச் சாக்கு ஏறும்போது சாக்குக்கு ஒரு கோடு வீதம் நோட்டில் போடுவார். ஊர் திரும்பிய கம்பெனி அதிகாரி ஒருவர் விட்டுப்போன கேமரா அவரிடம் இருந்தது. அதில் சுமைக்காரர்களைப் படம் எடுத்து, ஈரம் பட்டால் ஊதாவாகும் அந்தக் காலத்துப் பென்சிலால் பின்பக்கத்தில் அவர்களுடைய பெயர்களை வரிசையாக எழுதுவார். நோட்டில் அவர்கள் வெறும் கோடு. படத்தின் பின்னால்தான் பெயர். கடைசி வரியில், ‘எடுத்தது நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

அவர் இறந்த மறு வருடம் நண்பனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. கிளம்பும் முன் ஒரு பிஸ்கட் டின் நிறையப் படங்களை என்னிடம் கொண்டுவந்தான். “எங்க வீட்ல வச்சா கரையான் தின்னும். நீ வச்சுக்கோடா. உன்னைவிட பத்திரமா யார் வைப்பா?”

நான் பள்ளி ஆசிரியர். ஊரைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகளையும் பழைய நோட்டீஸ்களையும் தடிமனான புத்தகம் ஒன்றில் ஒட்டிவந்தேன். அதை யாரும் பொறுமையாகப் பார்த்ததில்லை. டின்னைத் திறந்த அன்று ஒவ்வொரு படத்தையும் திருப்பிப் படித்தேன். பிறகு மைதா பசை காய்ச்சி, பின்பக்கம் முழுக்கத் தடவி ஒட்டினேன். படத்தின் மூலைகளை மட்டும் செருகும் காகித முக்கோணங்கள் ஒரு பாக்கெட் மேசை இழுப்பறையில் இருந்தன. அவற்றை எடுக்கவில்லை. படங்களின் கீழே, ‘எங்கள் குடும்பச் சேகரிப்பு’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அதன்பின் புத்தகத்தைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள்கூட வந்து போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆசிரியரை எங்கள் ஊரில் ‘மாஷ்’ என்பார்கள்; அது ‘மாஷோட புத்தகம்’ ஆயிற்று.

சென்ற வருடம் எங்கள் தெரு நூலகத்தில் அந்தப் பக்கங்களைப் பெரிதாக்கிக் கண்காட்சி வைத்தார்கள். ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருந்த நண்பனும் வந்தான். பலகையில் சாக்கோடு ஐந்து பேர் ஏறும் படத்தின் முன் வெகுநேரம் நின்றான்.

“உங்க அப்பாவுக்குக் கேமரா எப்படா கிடைச்சது?” என்றான்.

நூலகச் செயலாளர் குறுக்கே வந்து, “மாஷோட வீட்டுப் படமல்லே இதெல்லாம்?” என்றார்.

“ஆமா சேட்டா. இவன் அப்பா படம் எடுத்தார், என் அப்பா சாக்கு எண்ணினார்,” என்றவன் என் பக்கம் திரும்பினான். “பின்னாடி எழுதியிருந்ததே, அதெங்கே?”

“ஒட்டிட்டேன்.”

“பார்க்காமலா?”

“பார்த்துட்டுத்தான்.”

செயலாளர் சாயா நீட்டினார். அதை வாங்காமலேயே நண்பன் படியிறங்கிப் போனான்.

மறுநாளே படங்களின் கீழிருந்த பெயர் அட்டைகள் எல்லாவற்றையும் மாற்றி அவன் அப்பாவின் பெயரை எழுதி வைத்தேன். நடந்ததைச் செயலாளரிடமும் சொன்னேன். பிறகு நண்பனுக்குப் போன் செய்தேன்.

“அதும் உன் கையெழுத்துதானே,” என்று சொல்லி வைத்துவிட்டான்.

வீட்டில் தட்டுத் தட்டாகத் தண்ணீர் வைத்து, பக்கங்களை ஊறப்போட்டுப் படங்களை உரித்தேன். பின்பக்கங்கள் ஊதாக் கறையாக இருந்தன, எழுத்து இல்லை. ஆனால் அன்றைய பசையின் ஈரத்தில் சில படங்களின் எழுத்து புத்தகத் தாளில் இடவலம் மாறிப் பதிந்திருந்தது. சவரக் கண்ணாடியில் காட்டினேன். பலகைப் படத்தில் மூன்று பெயர்களும் கடைசி வரியும் தெரிந்தன. அதை என் கையால் நகல் எடுக்கத் துணியவில்லை. படங்களையும் தாள்களையும் கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன்.

அவன் மனைவி கதவைத் திறந்து, “உள்ளே வாங்கோ அண்ணா,” என்றாள். அவன் அதைச் சொல்லவில்லை. கண்ணாடியை வாங்கி, ஜன்னலோரம் நின்று, மூன்று பெயர்களையும் மெதுவாக வாய்விட்டு வாசித்தான். கடைசி வரியை மனதுக்குள் வாசித்தான். பிறகு கண்ணாடியை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

நூலகத்திலிருந்து படங்களை இறக்கச் சொல்லிவிட்டான். பெயர் தெரிந்தவற்றுக்குப் பிரதி எடுத்து, அந்தச் சுமைக்காரர்களின் பேரப்பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகக் கொடுக்கிறான். சில நாள் வல்லார்பாடம் தீவுவரை போகிறானாம். அவன் மனைவி சொல்லித்தான் தெரியும். என்னைக் கூப்பிடுவதில்லை.

போன மாதம் அவனே என் வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. பலகைப் படத்தை நீட்டி, நாலாவது ஆளைத் தொட்டுக் காட்டினான். “இது யாரு? நீ வாசிச்சிருக்கே அல்லே.”

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அந்த வரியை நான் படித்தது நிச்சயம். உயிரோடு இருப்பவர்களில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான்.

“ஓர்மை இல்லைடா, மறந்துபோச்சு,” என்றேன்.

படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனான்.