படிப்பதற்குள் ஓடிவிடும் கேள்வி

நான் எழுதப் படிக்கக் கற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. மந்தைவெளியில் எங்கள் மாடிவீட்டுக் குமார் தமிழில் கடிதம் எழுத மென்பொருள் செய்கிறான். வாராவாரம் மாற்றிவிட்டு, என்னைத் தட்டிப் பார்க்கச் சொல்வான்.

இன்று மகளுக்கு என் முதல் கடிதத்தைத் தட்டி முடித்தேன். எனக்கே பெருமை! திரையில் ஒரு கேள்வி வந்தது. எழுத்துக்கூட்டி, "சேமிக்க" வரை படித்தேன். கேள்வி மறைந்தது, கடிதமும் போனது.

"இன்னா நைனா இது?" என்றேன் குமாரிடம்.

"அஞ்சு செகண்ட் நிக்குது தாத்தா. எங்களுக்கு அதுவே ஜாஸ்தி."

"உனக்கா பண்றே? எனக்கா?"

"அடுத்த வாரம் சரி பண்ணிடறேன்."

"போன வாரம் வேற ஒண்ணுக்கும் அதான் சொன்னே. பண்ணிட்டுக் கூப்டாதே. பண்ணச்சொல்லோ கூப்டு, பக்கத்துல குந்திக்கினு படிக்கிறேன்."

நாளை வரச் சொல்லியிருக்கிறான். கடிதத்தை முதலிலிருந்து தட்டுகிறேன்.

குழு நண்பர்களே, உங்களிடமும் கேள்வி கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் ஓடிப்போனவர்கள் உண்டா?