ஆளுநர் வரும்வரை ஏறிய தண்ணீர்

போன கிழமை, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் என் ஸ்டூடியோவுக்கு வந்தார். முன்னாள் ஆளுநர் ஒருவரின் கொள்கைகளைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்களாம். சமூகம், பொருளாதாரம் என்று இரண்டு பாகம். "ஐயாட பழைய படமெல்லாம் உங்களிட்டத்தான் இரிக்காம் அண்ணன்" என்றார். உண்மைதான். அந்த ஆளுநருக்கு முன்னால் கமராவைப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து திரிந்தவன் நான். அப்படி நடந்து இரண்டு தரம் வாய்க்காலுக்குள் விழுந்தும் இருக்கிறேன். அரச சேவையில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு அவ்வளவுதான்.

அவர் போனபிறகு பழைய படங்களைக் கணினியில் திறந்தேன். முதலில் தையல் மெஷின்கள். கணவனை இழந்த பெண்களின் பொருளாதாரத்தை உயர்த்தும் திட்டம். வரிசையாக நிற்கிற பெண்களில் ஒருத்தி கமராவைப் பார்க்காமல் மெஷினையே பார்க்கிறாள். "எங்கட ஊரில ஆரு தம்பி இப்ப துணி தைக்கக் குடுக்கிற? எல்லாம் காத்தான்குடிக் கடையில தைச்சதையே வாங்குறாங்களே" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டது நினைவிருக்கிறது. நான் சிரிக்கச் சொன்னேன், சிரித்தாள். அடுத்தது மீனவர்களுக்கு உயிர்காப்பு அங்கி. முழங்கால் தண்ணீரில் வீச்சுவலை எறிகிறவர்களுக்கு, நெஞ்சை இறுக்குகிற செம்மஞ்சள் அங்கி! வெயிலில் அதிலிருந்து கிளம்பிய றப்பர் மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. நியாயமாகச் சொன்னால் அந்த மனுசன் நல்லதும் செய்தார். வெல்லாவெளிப் பக்கம் ஒரு தெருவைப் போட்டுக் கொடுத்தார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றவர்களில் சித்திரவேல் அண்ணனைக் கண்டதும் மற்றதெல்லாம் மறந்துபோய், அந்தப் படத்திலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் மார்கழி மழை பிடித்தால் வாவி ஏறும். கடலோடு சேருகிற முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கிடக்கும். அதை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடி, வவுணதீவுப் பக்கத்து வயல் வட்டைகள் தப்பும். ஆனால் வாவியில் வளர்ந்த இறாலும் அதோடு போய்விடும். ஆகவே எப்போது வெட்டுவது என்பதை வயல்காரரும் மீன்காரரும் அந்த மணலில் குந்தியிருந்துதான் பேசி முடிப்பார்கள். மீன்காரருக்குச் சித்திரவேல் அண்ணன், வயல்காரருக்குப் பூபாலப்பிள்ளை அண்ணன்.

"மச்சான், பயிர் குடலையில நிக்கி, கதிர் வாற நேரம். இன்னும் ஒரு முழம் ஏறினா முடிஞ்சிது."

"ரெண்டு ராவு பொறு மச்சான். இறால் இப்பதான் படுகுது."

"ரெண்டு ஏலா. ஒண்டு தாறன்."

"சரி, ஒண்டு. ஆனா புக்கைக்குச் சக்கரை கூடப் போடணும், சொல்லிப் போட்டன்."

அந்த ஓர் இரவு மீன்காரருக்கு. விடிந்ததும் இரண்டு பக்கத்தாரும் மண்வெட்டியோடு இறங்குவார்கள். வயல்காரர் பொங்கிக் கொண்டு வந்த புக்கையை மணலிலேயே வைத்துப் பகிர்ந்து தின்பார்கள். முதல் வெட்டை ஊருக்கு வந்த மதிப்பான விருந்தாளி யாருக்காவது கொடுப்பது ஒரு மரியாதை. ஒரு வருடம் அதை ஆளுநருக்குக் கொடுத்தார்கள். கேட்டுப் போனது பூபாலப்பிள்ளை அண்ணன்தான். ஆளுநர் வரச் சம்மதித்தபோது அண்ணனுக்கு இருந்த புளுகத்தை, அந்தச் சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்! நானும் நல்ல படமாகத்தான் எடுத்தேன்.

அந்தப் படம் ஆளுநருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த வருடம் அது வெள்ளப் பாதுகாப்புக் கொள்கை ஆகியது. அனுமதியில்லாமல் யாரும் மணலில் கைவைக்கக் கூடாது. ஆளுநர் வந்துதான் தொடங்கி வைப்பார். அந்த மார்கழியும் இரண்டு அண்ணன்மாரும் பேசி முடித்து, மீன்காரரின் இரவும் கழிந்து, விடியற்காலை மண்வெட்டியோடு போனார்கள். மணல்மேட்டில் தறப்பாள் கட்டிப் பொலிஸ் நின்றது. ஆளுநர் கொழும்பில் நின்றார். நாளைக்கு வருவார் என்றார்கள். மறுநாளும் நாளைக்கு என்றார்கள்.

பந்தல் போடுவதைப் படம் எடுக்க நான் போயிருந்தேன். பூபாலப்பிள்ளை அண்ணன் இடுப்பளவு நனைந்து வந்து அதிகாரி ஒருவரின் முன்னால் கும்பிட்டார். "ஐயா, பயிர் மூழ்கிற்று. நுனி மட்டுந்தான் தெரியுது. ஒரு சாண் வெட்ட விடுங்க, மறுகா ஐயா வந்து பெரிசா வெட்டட்டும்." அதிகாரி சொன்னார்: "நீங்க வெட்டினா ஐயா வந்து என்னத்தத் திறக்கிற?"

பக்கத்தில் நின்ற சித்திரவேல் அண்ணன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கிவிட்டார். மீன்காரர், அவருக்கு அந்தத் தண்ணீரால் ஒரு நட்டமும் இல்லை. பொலிஸ்காரர் இரண்டு பேர் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஆளுநர் வந்து போகும்வரை அவரை உள்ளே வைத்திருந்தார்கள்.

ஆளுநர் வந்தார். வெள்ளிப் பூச்சுப் பூசிய மண்வெட்டியால் மணலை ஒருமுறை தொட்டார். மிச்சத்தை இயந்திரம் வெட்டியது. தண்ணீர் வற்றியபோது வட்டை முழுக்க அழுகல் நாற்றம். பூபாலப்பிள்ளை அண்ணன் அதற்குப் பிறகு வயலுக்குள் இறங்கவேயில்லை. மூன்றாம் வருடம் மாரடைப்பில் போனார். அவர் சவத்தின் முன்னால் சித்திரவேல் அண்ணன் விழுந்து அழுத அழுகையை நான் படம் எடுக்கவில்லை. அதைப் போட எந்தக் கொள்கையிலும் இடமில்லை.

இந்த மழைக்கும் வாவி ஏறியது. முகத்துவாரத்துக்குப் போனேன். அப்பாவின் வயலை இப்போது செய்கிற பூபாலப்பிள்ளை அண்ணனின் மகன் கைபேசியோடு நின்றான். மீன்காரர் ஒருவரையும் காணவில்லை.

"என்ன தம்பி, இன்னும் வெட்டல்லையா?"

"அனுமதி வரல்ல அண்ணன்."

"மீன்காரரோட பேசினீங்களா?"

"அவங்களோட பேசி என்னத்துக்கு? அவங்க தனியா ஆளுநர் ஆபீசுக்கு அறிவிச்சிருக்காங்க."

"உங்கட அப்பாவும் சித்திரவேல் அண்ணனும் இதில இருந்து பேசி, தாங்களே வெட்டினவங்க தெரியுமா?"

அவன் சிரித்துவிட்டான். "பகிடி விடாதீங்க அண்ணன். இது வெட்டுறதே ஆளுநர் கொண்டு வந்த திட்டந்தானே."