நியூ வெல்டனுக்குப் போன பிடிமண்

காமயகவுண்டன்பட்டி பொன்னாத்தாள் விமானத்தை வானத்தில் மட்டுமே பார்த்தவள். ஆனாலும் அமெரிக்காவில் நியூ வெல்டன் என்ற சிற்றூரின் எல்லைகள் அவளுக்கு மனப்பாடம். அவள் மகன் விஜயபாண்டி 2001இல் அங்கே வீடு வாங்கினான். பக்கத்து நகரில் பால் பதப்படுத்தும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. ஞாயிறு காலையில் போன் வரும்; அங்கே அது சனிக்கிழமை சாயங்காலம்.

“மேக்க என்ன இருக்கு?” என்பாள்.

“மக்காச்சோளக் காடு, ஆத்தா.”

“கெழக்க?”

“அதும் மக்காச்சோளம்தான்.”

“ஏலே, சாஞ்சுக்கிற ஒரு மலைகூட இல்லாத ஊர்லயா குடியிருக்க?”

அந்த ஊர் ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம். காகிதத்தில் கோடு போட்டு வெட்டிய சதுரம். சாலைகள்கூட நேர்கோடுகள்தாம். ஒரு ஓடை மட்டும் எந்தக் கோட்டுக்கும் அடங்காமல் வளைந்து போகிறது. முதலில் வண்டி கட்டி வந்தவர்கள் மாட்டை அவிழ்த்த இடத்தில், ஓடை வளைவில், ஒரு கல் நட்டிருக்கிறார்கள். பிறகு ரயில் வந்தது, போயும் விட்டது. தண்டவாளத்தைப் பிடுங்கிய மேட்டில் இப்போது மனிதர்கள் நடக்கிறார்கள்.

திராட்சைப் பந்தலுக்கடியில் கொத்துகளில் நெருக்கிய காய்களைக் கிள்ளிக் கழித்துக்கொண்டு நிற்கும்போது அந்த ஊர் அவளிடம் வரும். இலை நிழல் மெல்ல அகன்று மக்காச்சோளக் காடாகும். பனியை அவள் கண்டதில்லை. பருத்தி வெடித்த காடு என்று வைத்துக்கொண்டாள். அந்த வெள்ளையில் பேத்தி திரிஷா சிவப்புச் சட்டையோடு முன்னே போவாள். பின்னால் இவள், தடம் பதியாமல். ஓடைக்கல் கண்ணில் படும் நேரம் பந்தல் கம்பி நெற்றியில் தட்டும்.

2006ஆம் ஆண்டு சிவராத்திரிக்கு விஜயபாண்டி வந்திருந்தான். மறுநாள் காலை, முல்லையாற்றங்கரையில் குலசாமி ஒண்டிக்கருப்பின் முன் நின்று பிடிமண் கேட்டான். சாமி நிற்கும் இடத்து மண்ணில் ஒரு பிடி கொண்டுபோய் வைத்தால், போன ஊரிலும் அந்தச் சாமி குடியேறும். குடும்பத்து மூத்தவர் மனதார ‘குடுத்தேன்’ என்று சொல்ல வேண்டும். புருஷன் இல்லாததால் அந்தச் சொல் பொன்னாத்தாளுடையது.

அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால், மகன் அங்கேயே ஊன்றிவிட்டான், இனித் திரும்பமாட்டான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகும்.

“என்ன மதினி, சாமி என்ன ஒங்க பெட்டகத்துலயா இருக்கு? வெரசாச் சொல்லுங்க, கருப்புக்கு வச்ச சுருட்டு அணையுது” என்றார் பூசாரி கருத்தக்கண்ணன்.

“அணஞ்சா பத்தவையிங்க கொழுந்தனாரே. தீப்பெட்டிக்குமா பஞ்சம்?” என்றவள், மகனை ஆற்றோரமாக அழைத்துப் போனாள்.

“அங்கன மொதல்ல வந்தாகளே, அவுக என்ன கொண்டாந்தாக?”

“பொறந்த ஊருப் பேர மட்டுந்தான். வெல்டன்னு.”

“அந்த ஊருக்குப் போக வர இருக்காகளா?”

“அது எங்க இருக்குன்னே அங்க யாருக்கும் தெரியல. நானும் கேட்டுப் பாத்துட்டேன்.”

“அவுகளுக்கு முன்ன?”

“வேற சனம் இருந்துச்சு ஆத்தா. வெரட்டிட்டாக. ஓடைக்கு மட்டும் அவுக வச்ச பேரு நிக்கிது.”

பொன்னாத்தாள் தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். அவள் புருஷனின் முன்னோர் பஞ்சத்தில் கமுதிப் பக்கமிருந்து, ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக, ஓலைக் கொட்டானில் பிடிமண்ணோடு வந்தவர்கள். வந்தவர்களில் ஒருவரும் திரும்பிப் போய்க் குடியிருக்கவில்லை. ஆனால் அந்தப் பிடிமண் எடுத்த தாய்க்கோயிலுக்கு வருஷந்தோறும் வேன் பிடித்துப் போகிறார்கள். வழியைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். பேரை மட்டும் கொண்டுபோனவர்களுக்கு வழி அற்றுவிட்டது. திரிஷாவின் பிள்ளைகள் ஒருநாள் அந்தச் சதுரத்துக்குள் நின்று, எங்கிருந்து வந்தோம் என்று தெரியாமல் விழிப்பதை அவள் கண்டாள்.

திரும்பி வந்து, “குடுத்தேன்” என்றாள். அவள் காதுக்கே அது எட்டவில்லை. பூசாரிக்குக் கேட்டது. குனிந்து ஒரு பிடி அள்ளி மஞ்சள் துணியில் வைத்தார்.

“ஓடைப் பக்கமா வையி பாண்டி” என்றாள். “மொதப் பொங்கல, ஓடைக்குப் பேரு வச்சாகளே, அவுகளுக்குப் படைச்சிரு. பெறகுதான் கருப்புக்கு.”

அவன் தலையாட்டிக்கொண்டே துணியை முடிந்தான். அவள் அதை வாங்கி அவிழ்த்து, தன் கையால் மறுபடி இறுக்கமாக முடிந்து கொடுத்தாள்.