கதவில் இருந்த பிரெஞ்சுப் பெயர்

நோர்வேயில், அம்மருட்டில் எங்கள் மாடியில் வசிக்கும் பிரெஞ்சுப் பெண்மணியின் குடும்பப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. முன்பு எழுதியதே போதும்.

அது முற்காலத் தாவர ஆய்வாளர் ஒருவரின் பெயர். பூங்காவில் ஒரு செடியின் அடியில் இருந்த பலகையில் அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்மணியின் கதவைத் தட்டினேன். கோப்பி தந்து, மறைக்காமல் சொன்னார். அவருடைய தகப்பன் அநாதை இல்லத்தில் விடப்பட்ட கைக்குழந்தை. அங்கே பதிவேடு எழுதியவருக்குச் செடிகளில் பைத்தியம். வந்த குழந்தைகளுக்கெல்லாம் ஆய்வாளர்களின் பெயர்களை வைத்துக்கொண்டே போனாராம்.

நான் பதினைந்து வருடம் பத்திரிகையில் இருந்தவன். எந்த வரியை வெட்டினால் கதை நிமிரும் என்று தெரியும். எங்களுக்குப் பெயரோடு வருவது தகப்பன் பெயர். தகப்பன் வழி தெரியாத பெயரொன்றை எங்கள் வாசகர் முன் வைக்கவும் கூசினேன். ‘ஆய்வாளரின் வாரிசு நம் அயலில்’ என்று இங்குள்ள தமிழ் மாத இதழில் எழுதினேன்.

அதை வாசித்துவிட்டுத் தமிழ்ப் பள்ளி அவரை ஆண்டு விழாவுக்குப் பிரதம விருந்தினராக அழைத்தது. பொன்னாடை போர்த்தினார்கள். தலைமை ஆசிரியை தமிழில் வாரிசு என்று அறிமுகம் செய்தபோது அவர் விளங்காமல் சிரித்தார். பிறகு நோர்வேஜிய மொழியில் பேசினார். மேடையில் தமிழ்தான் என்பது பள்ளியின் விதி. ஆகவே நான் மொழிபெயர்த்தேன்.

“அந்த மனிதருக்கும் எனக்கும் இரத்த உறவு இல்லை,” என்றார். “பெயரை மட்டும் இரவல் வாங்கியிருக்கிறோம்.”

“முன்னோரின் பெயரைக் காப்பது தனக்குப் பெருமை என்கிறார்,” என்றேன்.

மண்டபத்தில் நோர்வேஜிய மொழி தெரியாதவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமி மட்டும் எழும்பினாள்.

“மாமா, அவ அப்பிடிச் சொல்லேல்லை!”

“சும்மா இரு பிள்ளை,” என்று தாய் பாவாடையைப் பிடித்து இழுத்தார்.

பின்னால் ஒருவர் சிரித்தார். “பேப்பர்காரர் படிச்சது வேறை நொஸ்க் பாஷை போல.”

ரயிலில் திரும்பும்போது, பெண்மணி பொன்னாடையை மடியில் மடித்து வைத்தபடி, அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்று கேட்டார். உங்கள் சட்டை வடிவாக இருக்கிறதாம் என்றேன்.

அடுத்த இதழில், அவர் வாரிசு அல்லர் என்று திருத்தம் போட்டேன். கடைசிப் பக்கம், நான்கு வரி. தமிழ் வாசிக்கத் தெரியாத அவரிடமும் ஒரு பிரதியைக் கொடுத்தேன். தன் பெயர் மறுபடியும் வந்திருக்கிறதா என்று கேட்டார். நான் காட்டிய இடத்தில் விரலை வைத்து, நன்றி சொன்னார்.