தங்கூசி கட்டிய மண்டலின்

பள்ளிமுனைக் கடையொன்றில் இன்று தூண்டிலுக்கென்று புதுத் தங்கூசிச் சுருளைப் பிரித்தேன். அந்த நைலோன் வாசனையோடு, மீள்குடியேறிய வருடம் நாங்கள் கோயிலாக வைத்திருந்த தகரக்கொட்டில் திரும்பி வந்தது. வெயிலேற ஏறக் கூரைத் தகரம் டக்டக்கென்று வெடிக்கும். அதன் கீழே பாயில் இருந்து, புனிதரின் கதையைத் திருநாளுக்குப் பாடி ஆடும் வாசாப்புப் பழகுவோம். ஆர்மோனியமும் மத்தளமும் இடப்பெயர்வில் போய்விட்டன. மிஞ்சியது செலின் மாமியின் கம்பியறுந்த மண்டலின்தான். மாமி அதற்குத் தங்கூசி கட்டினார். ஆனால் தங்கூசியில் நாதம் நீளாது; கதையில் மகளை இழந்த அரசன் நீட்டி அழும் இடத்தில் அது 'டொக்' என்று நின்றுவிடும். அரசனாக நின்ற அப்பாவின் அழுகையும் அதோடு அறுந்துபோக, எங்களுக்குச் சிரிப்பு வரும்.

"சிரிக்கிற ஆக்கள் எல்லாரும் ராகத்தை இழுங்கோ," என்றார் மாமி. "நான் தட்டி விடுறன், நீங்கள் பிடியுங்கோ."

மண்டலின் விட்ட இடத்தைப் பாயிலிருந்த அத்தனை பேரும் பிடித்தோம். தகரமும் சேர்ந்து அதிர்ந்தது. திருநாளன்று ஊரே இழுத்தது.

கொட்டில் நின்ற இடத்தில் இப்போது சீமெந்துக் கோயில். கீபோர்ட் எவ்வளவு நேரமும் சுருதியை விடாமல் பிடிக்கும். ஆனாலும் அரசன் அழத் தொடங்கியதும், வாசிக்கிறவர் கையை எடுத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்ப்பார்.