மேர்சி அக்காவின் திருத்தங்கள்

அனோஜன் வசனத்தை முடித்துப் புள்ளி வைப்பதற்குள் மேர்சி அக்கா அதன் முதற்சொல்லை மாற்றிவிடுவார். அவர் தன் வீட்டு மேசையில், கணினியும் பால் விடாத பிளேன்ரீயுமாக இருப்பார். அங்கே அனோஜனின் திரையில், 'மேர்சி' என்ற பெயரைத் தாங்கிய சிறு சிவப்புக் கோடு பரீட்சை மேற்பார்வையாளரைப் போல அவன் எழுத்துக்குப் பின்னால் வந்து நிற்கும். இப்போதெல்லாம் அவன் எல்லாவற்றையும் கைபேசியில் எழுதி வைத்து, அக்கா சமைக்கப் போகும் நேரம் பார்த்துக் கொண்டுவந்து ஒட்டுகிறான்.

தேவாலய ஆண்டு மலருக்காக அவர்கள் இருவரும் உட்பட நாலு பேர் இணையத்தில் சேர்ந்து எழுதும் பொதுக் கோப்பு அது. மேர்சி அக்கா தமிழ் படிப்பிக்கிறவர். "பிழையைக் கண்டுபோட்டுச் சும்மா இருக்கேலுமே?" என்பார். பிழையில்லாததையும் அவர் விடுவதில்லை. 'வந்தார்' என்றிருந்தால் 'வருகை தந்தார்' ஆகிவிடும். போதகரின் ஆசிச்செய்தியையே பாதியாக வெட்டியவர். போதகர் அதைக் கவனிக்கவில்லையோ, கவனித்தும் பேசாமல் இருந்தாரோ, தெரியாது.

போன கிழமை, அந்த நாலு பேரில் ஒருத்தியான நிஷானி தன் தகப்பனைப் பற்றி எழுதினாள். பாடகர் குழுவில் நெடுங்காலம் பாடியவர்; தை மாதம் காலமானார். "என்ரை குரல் ஆண்டவருக்குக் கேட்டாக் காணும்" என்பாராம். மேர்சி அக்கா அதை "எனது குரல் ஆண்டவருக்குக் கேட்டால் போதுமானது" என்று செப்பனிட்டுவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு உடுப்புக் காயப்போடப் போனார்.

பின்னேரம் நிஷானி தொலைபேசியில் அழைத்தாள். குரலில் கோபம் இல்லை.

"அக்கா, அப்பா அப்பிடிக் கதைக்கிறேல்லை. இப்ப வாசிச்சா ஆரோ வேறை ஆள் மாதிரி இருக்கு."

மேர்சி அக்கா அந்த வரியை மறுபடி வாசித்தார். அந்த மனுசனை அவருக்கும் தெரியும்; மழையென்றாலும் நனைந்துகொண்டே சைக்கிளில் பாட்டுப் பயிற்சிக்கு வருகிறவர். அவருடைய பேச்சை மேர்சி அக்கா தன் கையாலேயே அழித்திருந்தார்.

"நான் உம்மட்டைக் கேட்டிருக்கோணும், பிள்ளை" என்றார்.

கோப்பின் பழைய பதிவைத் தேடி எடுத்து, 'என்ரை' முதல் 'காணும்' வரை இருந்தபடியே திரும்ப வைத்தார்.

அடுத்த வரியில் 'வெள்ளி கிழமை' என்று கிடந்தது. விரல் விசைப்பலகை வரைக்கும் போய்விட்டது. இழுத்துக்கொண்டார். பக்கத்து ஓரத்தில் குறிப்பெழுதும் இடத்தைத் திறந்து, "நிஷானி, இதிலை ஒரு 'க்' போடட்டோ?" என்று தட்டினார். பிறகு ஒரு கையை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்து மடியில் வைத்தபடி, பதில் வரட்டும் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.